ஏட்டினின்று அச்சுக்கு: சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் வாழ்வும் ஆராய்ச்சியும்

இன்று பல்கலைக்கழகத்திலே தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் தொல்காப்பியத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகின்றதென அறிய விரும்பினால், கணினியின் முன் அமர்ந்து அச்சொல்லை எழுதிய மாத்திரத்தே அது பயின்றுவரும் சூத்திரங்கள் யாவும் அவன் கண்முன் வந்து நிற்கின்றன. கட்டுரை எழுதிய பின் பிழை காணின் அழித்துத் திருத்துகின்றான். திருத்திய கட்டுரை கடல் கடந்த நாட்டிலுள்ள ஆசிரியருக்கு ஒரு நொடியிற் சென்று சேர்கின்றது. இவ்வசதிகளை நாம் பழித்தற்குக் காரணமில்லை. ஆயினும், அந்தத் தொல்காப்பியம் கணினிக்குள் எவ்வாறு வந்தது என்று நாம் எம்மையே ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று. கணினிக்கு முன் அச்சுப் புத்தகம் இருந்தது. அச்சுப் புத்தகத்துக்கு முன் பனையோலை இருந்தது. ஓலைக்கும் அச்சுக்கும் இடையிலே இருந்தவை ஒரு சில மனிதருடைய கண்களும் கைகளும் பணப்பையுமே ஆகும்.

அத்தகைய மனிதருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் எங்கள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி தந்த இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். அவருடைய வாழ்க்கையைக் கூறப்புகுந்த நாம், அவர் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் சுருங்கச் சொல்லி, அவர் ஆராய்ச்சி செய்த விதத்தையே விரிவாகச் சொல்லக் கருதினோம். பட்டமும் பதவியும் அவரோடு ஒழிந்தன. அவர் செய்த வேலையோ இன்றும் நாம் படிக்கும் பாடப் புத்தகத்தில் இருந்துகொண்டிருக்கிறது.

பிறப்பும் கல்வியும்

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் திகதி சிறுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி அம்மையார். பெயருக்கு முன் வரும் எழுத்துக்களுள் முன்னையது ஊரையும் பின்னையது தந்தையையும் குறிப்பன. இளமையில் தந்தையாரிடமே தமிழ் கற்றார். பின்னர், அக்காலத்திற் புகழ்பெற்று விளங்கிய சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடங்கேட்டார். ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலே தொடங்கி, 1844ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்து, 1852ஆம் ஆண்டுவரை அங்கே பயின்றார்.

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமாரால் நிறுவப்பட்ட அச்செமினரி, சமயப் பிரசாரத்தின் பொருட்டு எழுந்ததெனினும், கணிதம், வானசாத்திரம், ஆங்கிலம், தமிழ் ஆகிய பல துறைகளையும் ஒழுங்காகக் கற்பித்தது. மிஷன் பாடசாலையிற் படித்தவராகிய எமக்கு ஒன்று நன்கு தெரியும். அங்கே படிப்பவன் எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், நேரம் பேணுதல், குறிப்பெழுதுதல், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் என்னும் மூன்று பழக்கங்களைப் பெறாமல் வெளியேறுதல் அரிது. திண்ணையிலே கவிராயரிடம் பெற்ற தமிழும், செமினரியிலே பெற்ற இப்பழக்கங்களும் பிள்ளையவர்களிடம் ஒருங்கு சேர்ந்தன. மிஷன் சூழலிலே வளர்ந்த அவர் பின்னாளிற் சைவராய் வாழ்ந்தார். சைவ மகத்துவம் என்னும் நூலும் எழுதினார். ஆயினும் தாம் கற்ற ஒழுங்கை அவர் கைவிடவில்லை. அதைத் தமிழின் பக்கம் திருப்பிவிட்டார்.

உத்தியோக வாழ்வு

செமினரியை விட்டு நீங்கியபின் கோப்பாய் ஆசிரிய பயிற்சிப் பாடசாலையிலே சிறிது காலம் ஆசிரியராய் இருந்தார். இருபது வயதைக் கடந்த அவ்விளமையிலேயே நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டார். யாழ்ப்பாணத்தில் முன்னர்ப் பணிபுரிந்தவரும், விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுகநாவலரைத் துணையாகக் கொண்டவருமாகிய பேர்சிவல் பாதிரியார் அப்போது சென்னையில் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்திவந்தார். அவர் பிள்ளையவர்களின் திறமையை அறிந்து, அப்பத்திரிகையை நடத்துதற்கு அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். சென்னை இராசதானிக் கல்லூரியிலும் பிள்ளையவர்கள் தமிழ் கற்பித்தார்.

1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பதும், ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் செமினரியிலே அவருக்குக் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை அவர்கள் என்பதும் எம்மவர் பெருமையுடன் நினைவிற் கொள்ளத்தக்கன. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே முதற் பட்டதாரிகளாயினர்.

அதன்பின் பிள்ளையவர்கள் கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிற் கற்பித்தார். அரசாங்கக் கணக்குப் பகுதியிலே உயர்ந்த உத்தியோகம் வகித்தார். 1871ஆம் ஆண்டு பி. எல். பரீட்சையிலும் தேறினார். 1882ஆம் ஆண்டு ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராய்த் தொழில் புரிந்தார். 1887ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதியாக நியமனம் பெற்றார். 1895ஆம் ஆண்டு இராவ்பகதூர்ப் பட்டம் அளிக்கப்பட்டது. ஏழாலையிலே ஒரு பாடசாலையையும் அவர் நிறுவினார்.

இவ்வுத்தியோகங்களுள் ஒன்றேனும் தமிழாராய்ச்சிக்காக அமைந்ததன்று என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். அக்காலத்திலே பழைய நூலைத் தேடிப் பதிப்பிக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் பல்கலைக்கழகத் துறை இருக்கவில்லை. ஆராய்ச்சி நிதி என்னும் பேச்சே எழவில்லை. பகலிலே கணக்கும் வழக்கும் பார்த்தவர், எஞ்சிய பொழுதிலே ஏடு பார்த்தார். அவருடைய பெரும் பதிப்புக்களிற் பல 1881க்கும் 1892க்கும் இடைப்பட்ட காலத்தன. அதாவது, ஏறத்தாழ ஐம்பதாவது வயதில் தொடங்கி அறுபதாவது வயதுவரை செய்த வேலை அது.

ஏடுகளின் நிலை

பனையோலை எத்தனை காலம் நிலைக்கும்? நன்கு பதப்படுத்திப் பேணினாற் சில நூற்றாண்டு நிலைக்கும். ஆயினும் எங்கள் நாட்டு வெப்பத்திலும் மழையிலும், இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் நடுவிலே, படிப்பாரின்றிப் பரணிற் கிடக்கும் ஏடு அத்தனை காலம் நிலைப்பதில்லை. ஆகவே முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். ஒரு தலைமுறையார் அவ்வேலையைச் செய்யாது விட்டால், அடுத்த தலைமுறையாருக்கு அந்நூல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பழைய இலக்கணங்களையும் சங்க நூல்களையும் பாடங்கேட்போர் குறைந்தனர். கேட்போர் குறையவே எழுதுவோரும் குறைந்தனர். எழுதுவோர் குறைந்த காலத்திலே ஏடுகள் ஒவ்வொன்றாய் இறந்தன. பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விட்டவர்களும் உண்டு என்பதை உ. வே. சாமிநாதையர் அவர்கள் எழுதி வைத்திருக்கின்றார்.

பிள்ளையவர்கள் தம் பதிப்புரைகளிலே தாம் கண்ட ஏடுகளின் நிலையை நெஞ்சுருகச் சொல்லியிருக்கின்றார். கையில் எடுப்பதற்கே அஞ்சவேண்டிய ஏடுகள் அவை. தொட்டால் நொறுங்கும், பிரித்தால் முறியும், எழுத்திருந்த இடத்திலே பூச்சி துளைத்த வழி இருக்கும். இன்னும் சில ஆண்டுகள் கழியின் இவற்றுட் பல முற்றாக அழிந்துபோம் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். இங்கேதான் அவர் வாழ்வின் பெரிய கேள்வி எழுந்தது. நல்ல பிரதி கிடைக்கும்வரை காத்திருப்பதா? கிடைத்த பிரதியைக் கொண்டு, குறையிருப்பினும், உடனே அச்சிடுவதா? காத்திருந்தால் அறிஞர் குறைசொல்லார். ஆனால் ஏடு இறந்துவிடும். அச்சிட்டால் ஏடு பிழைக்கும். அச்சிட்டவர் பெயருக்கு இழுக்கு வரலாம். பிள்ளையவர்கள் இரண்டாவது வழியைத் தெரிந்துகொண்டார்.

ஆராய்ச்சி நடந்த விதம்

அவ்வேலை எவ்வாறு நடைபெற்றது என்பதை எம்மைப் போன்ற இளைஞர் படிப்படியாக அறிதல் பயனுடைத்து.

முதலாவது வேலை ஏடு தேடுதல். எந்த நூலின் பிரதி எவரிடத்தே உண்டு என்று காட்டும் முழுமையான பட்டியல் அன்று இல்லை. ஆதீனங்களிலும், புலவர் பரம்பரையினர் வீடுகளிலும், தஞ்சைச் சரசுவதி மகாலிலும், சென்னை அரசாங்கச் சுவடி நிலையத்திலும் அவை சிதறிக் கிடந்தன. நேரிற் போய்க் கேட்க வேண்டும்; போக முடியாத இடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். 1854ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலே தூரத்தைக் கணக்கிடாது கடிதத்தின் நிறைக்கேற்பத் தபாற்கூலி வாங்கும் முறை ஏற்பட்டது. அரையணாத் தபால் முத்திரையோடு ஒரு கடிதம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகலாயிற்று. தமிழ் நூல்களின் மறுபிறப்புக்கு இந்த அரையணா முத்திரை செய்த உதவி சிறிதன்று. எனினும் எழுதிய கடிதத்துக்கெல்லாம் மறுமொழி வருவதில்லை. ஏட்டைப் பூசையறையில் வைத்துப் போற்றுவார் சிலர். எவருக்கும் காட்டோம் என்பார் சிலர். இருக்கிறதா இல்லையா என்றே அறியாதார் பலர்.

இரண்டாவது வேலை படியெடுத்தல். இரவல் பெற்ற ஏட்டை நெடுநாள் வைத்திருக்க முடியாது. ஒருவர் ஏட்டைப் பார்த்து வாசிக்க, மற்றொருவர் காகிதத்தில் எழுதுவார். வாசித்தவர் நாவிலும் கேட்டவர் செவியிலும் புதிய பிழைகள் புகும். ஆதலின் எழுதிய காகிதத்தை மீண்டும் ஏட்டோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திப் பிரதி எடுக்கும் எமக்கு, அன்று ஒரு பிரதி என்பது பல வாரத்து உழைப்பு என்பதை மனத்திற் கொள்ளுதல் எளிதன்று.

மூன்றாவது வேலை எழுத்தை அறிந்து வாசித்தல். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவாய் இருக்கும். அதனால் எரியும் ஏரியும், கொடுவும் கோடும் வேறுபாடின்றித் தோன்றும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே எழுதப்படும். அதனாற் பரல் என்பதையும் பால் என்பதையும் பொருள் நோக்கியே பிரித்தறிய வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளும் உரையும் மேற்கோளும் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓடும். எங்கே சூத்திரம் முடிந்தது, எங்கே உரை தொடங்கியது, எது உரையாசிரியர் வாக்கு, எது அவர் காட்டிய பழம் பாட்டு என்பனவற்றை வாசிப்பவரே தீர்மானித்தல் வேண்டும். அம்மேற்கோள் எந்நூலைச் சேர்ந்தது என்று தேடிப் பார்க்கச் சொல்லடைவோ அகராதிப் பட்டியலோ இல்லை. ஆராய்ச்சியாளருடைய ஞாபகமே அவருக்கு நூல்நிலையம்.

நான்காவது வேலை பாடபேதம் காணுதல். மூன்று பிரதி கிடைத்தால் மூன்றும் மூன்று விதமாய் இருக்கும். ஓரிடத்தில் ஒன்று சரியென்றால் மற்றோரிடத்தில் அதுவே பிழைபட்டிருக்கும். ஒரு பிரதியிலே நான்கு வரி விடுபட்டிருக்கும். வேறொன்றிலே அந்த ஏடே இராது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கு இலக்கண அறிவும் யாப்பறிவும் வேண்டும். தன் விருப்பத்துக்கு இசைந்ததைப் புகுத்தாத நேர்மை அவற்றினும் மேலாக வேண்டும்.

அச்சுக்கூடத்திலே

இவ்வளவும் முடிந்தபின்னரே நூல் அச்சுக்கூடத்துக்குச் செல்லும். இந்தியாவிலே சுதேசிகள் தடையின்றி அச்சுக்கூடம் நடத்துதற்கு வழி 1835ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஏற்பட்டது. அதனைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் ஆறுமுகநாவலர் அவர்கள். 1868ஆம் ஆண்டு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பிள்ளையவர்கள் வெளியிட்டபோது, அதனைப் பரிசோதித்து உதவியவர் நாவலர் அவர்களே. 1879ஆம் ஆண்டு நாவலர் அவர்கள் மறைந்தபின், அப்பெரும் பொறுப்பைப் பிள்ளையவர்கள் தாமே தனித்துத் தாங்க வேண்டியவரானார்.

அச்சுக்கூடத்திலே ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கையாற் கோப்பர். தமிழுக்கு எழுத்து மிகுதியாதலின் எழுத்துப் பெட்டியும் பெரிது. கோப்பவருடைய தவறும் பெரிது. ஒரு பெரிய நூல் முழுவதையும் கோத்து வைப்பதற்குப் போதிய எழுத்து எந்த அச்சுக்கூடத்திலும் எளிதில் இராது. ஆகவே எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கொண்ட ஒரு பாரத்தைக் கோத்து, சரவைத்தாள் எடுத்து, திருத்தி, அச்சிட்டு, எழுத்துக்களைக் கலைத்துப் பெட்டியில் இட்ட பின்னரே அடுத்த பாரத்தைக் கோப்பர். எழுத்தைக் கலைத்தபின் பிழை கண்டால் அதற்குப் பரிகாரம் நூலின் இறுதியிலே பிழைதிருத்தம் என ஒரு தாள் சேர்ப்பது ஒன்றே. நூறாவது பக்கம் அச்சாகும்போது பத்தாவது பக்கத்துக்குரிய நல்ல பாடம் புதிய ஏடொன்றிற் கிடைத்தால், பதிப்பாசிரியர் என்செய்வார்? கைபிசைந்து நிற்பதன்றி வேறு வழியில்லை.

பணமோ எழுத்தினும் அரிது. காகிதத்துக்கும் கோப்புக்கூலிக்கும் கட்டுக்கூலிக்கும் முதலிற் பணம் கொடுத்தல் வேண்டும். வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பம் இட்டவர்களை நம்பியே பதிப்பாளர் இறங்குவர். கையொப்பம் இட்டவரெல்லாம் புத்தகம் வந்தபின் பணம் அனுப்புவதில்லை. தொல்காப்பியம் வாங்கிப் படிப்பவர் தொகை எக்காலத்திலும் சிறிதே. பிள்ளையவர்கள் தாம் உழைத்துத் தேடிய பொருளை இதிலே செலவிட்டு நட்டமடைந்தார். அவ்வருத்தத்தை அவர் பதிப்புரைகளிலும் காணலாம். நட்டமடைந்தும் அடுத்த நூலைத் தொடங்கினார் என்பதே அவர் வாழ்க்கையில் நாம் வியக்கும் இடம்.

வெளிவந்த நூல்கள்

1881ஆம் ஆண்டு வீரசோழியம் வெளிவந்தது. 1883ஆம் ஆண்டு இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. 1885ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரம்; 1887ஆம் ஆண்டு கலித்தொகை; 1889ஆம் ஆண்டு இலக்கண விளக்கமும் சூளாமணியும்; 1891ஆம் ஆண்டு எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரை; 1892ஆம் ஆண்டு சொல்லதிகாரம் நச்சினார்க்கினியர் உரை. ஒருவர் தனித்து நின்று, பத்தாண்டுச் சொச்சத்தில், உத்தியோகமும் பார்த்துக்கொண்டு செய்த வேலை இது.

இப்பட்டியலிலே ஒரு செய்தி பொதிந்துள்ளது. வீரசோழியம் புத்தமித்திரனார் இயற்றிய பௌத்தர் நூல். சூளாமணி தோலாமொழித்தேவர் இயற்றிய சமண காவியம். சைவ மகத்துவம் எழுதிய கையே இவ்விரண்டையும் பதிப்பித்தது. தமிழில் எழுதப்பட்டதா, அழியும் நிலையில் இருக்கின்றதா என்ற இரண்டையே அவர் நோக்கினார். எழுதியவர் எச்சமயத்தவர் என்று நோக்கி ஏட்டை விலக்கவில்லை. சமயப் பற்று அறிவுக்கு வேலியாதல் வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் எமக்கு வேண்டா.

பொருளதிகாரத்தின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. பழைய பாண்டிய நாட்டிலே பஞ்சம் நீங்கியபின், எழுத்தும் சொல்லும் வல்லார் அகப்பட்டனர், பொருளதிகாரம் வல்லார் அகப்படவில்லை என்று அரசன் வருந்திய கதையை இறையனார் அகப்பொருள் உரை கூறுகின்றது. அந்நூலைப் பதிப்பித்து இரண்டாண்டு கழியுமுன், பொருளதிகாரத்தையே அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்தார் பிள்ளையவர்கள். கலித்தொகையோ, எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறிய நூல். புறநானூறு 1894ஆம் ஆண்டிலும், ஐங்குறுநூறு 1903ஆம் ஆண்டிலும், குறுந்தொகையும் நற்றிணையும் 1915ஆம் ஆண்டிலுமே அச்சேறின. ஏனையோர்க்கு வழி திறந்தது கலித்தொகைப் பதிப்பே என்பது மிகையாகாது.

ஒரே ஊரில் இருவர்

பிள்ளையவர்கள் கும்பகோணத்திலே வாழ்ந்த காலத்தில், அவ்வூர்க் கல்லூரியிலே தமிழாசிரியராய் இருந்தவர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். சீவகசிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க விரும்பிய பிள்ளையவர்கள் ஐயரவர்களிடமிருந்த பிரதியைக் கேட்டார். தாமே அதனைப் பதிப்பிக்க உறுதிபூண்ட ஐயரவர்கள் கொடுக்க இசையவில்லை. இதனை ஐயரவர்களே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். 1887ஆம் ஆண்டிலே ஒருவருடைய கலித்தொகையும் மற்றவருடைய சிந்தாமணியும் வெளிவந்தன. ஒரு பொருளை இருவர் நாடும்போது போட்டி எழுதல் இயல்பு. ஆயின் அப்போட்டியினால் தமிழுக்கு ஒரு நூலுக்குப் பதிலாக இரு நூல்கள் கிடைத்தன. எம் சங்கங்களிலும் எழும் போட்டிகள் இவ்வகையினவாய் அமைந்தால் எவ்வளவு நன்று!

ஐயரவர்களுடைய பதிப்புக்கள் குறிப்பாலும் அடைவாலும் நூலாராய்ச்சியாலும் மிகச் செம்மையானவை என்பதை எவரும் மறுக்கார். பிள்ளையவர்களுடைய பதிப்புக்களை அவற்றோடு ஒப்பிட்டுக் குறைகூறுவோரும் உளர். ஆயினும் காடு வெட்டியவனையும் அவ்விடத்தே தோட்டம் அமைத்தவனையும் ஒரே கோலால் அளத்தல் முறையாகாது. காடு வெட்டியவன் கையிலே முள் தைத்திருப்பது இயல்பே.

பிழையும் திருத்தமும்

பிள்ளையவர்களுடைய பதிப்புக்களிற் பிழைகள் இல்லாமல் இல்லை. அவற்றுட் பெரிய ஒன்றை நாம் மறைக்கவேண்டுவதில்லை. 1885ஆம் ஆண்டுப் பொருளதிகாரப் பதிப்பு முழுவதும் நச்சினார்க்கினியர் உரையென்றே வெளிவந்தது. அதன் பிற்பகுதியிலுள்ள மெய்ப்பாட்டியல் முதலியவற்றின் உரை நச்சினார்க்கினியருடையதன்று, பேராசிரியருடையது என்று பின்வந்த அறிஞர் காட்டினர். இன்று அதுவே எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றது.

இதனாற் பிள்ளையவர்களுக்கு இழுக்கு உண்டாயிற்றா என்று நாம் சிந்தித்துப் பார்த்தோம். அந்த உரை ஏட்டிலேயே கிடந்திருந்தால், அதன் ஆசிரியர் யாரென்று ஆராயும் வாய்ப்பே பலருக்கு வாய்த்திராது. ஏட்டிலுள்ள பிழை, ஏட்டை உடையவருக்கு மாத்திரம் தெரியும். அவருக்கும் அது பிழையென்று தோன்றாது. அச்சிலுள்ள பிழையோ ஆயிரம் கண்களின் முன்னே நிற்கும். சென்னையில் ஒருவர், மதுரையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அது பொருந்துமா பொருந்தாதா என்று வாதம் செய்யலாம். பிள்ளையவர்கள் பேராசிரியருடைய பெயரைத் தவறவிட்டார். பேராசிரியருடைய உரையைத் தவறவிடவில்லை. பெயரைப் பின்வந்தோர் மீட்டனர். உரை அழிந்திருந்தால் எவர் மீட்பார்?

ஆராய்ச்சி என்பதன் உயிர்நிலை இதுவே என எமக்குத் தோன்றுகின்றது. அறிந்ததை அறிந்தபடி, பிறர் பரிசோதிக்கத்தக்க விதமாய், வெளியிட்டு வைத்தல். பிறர் திருத்தினால் ஏற்றல். இதற்குக் கணினி வேண்டுவதில்லை. கணினி இருந்தும், தாம் கண்ட பிரதியைப் பிறர்க்குக் காட்டாது மறைப்பவரும், பிறர் உழைப்பைத் தமதென எழுதுபவரும் ஆராய்ச்சியாளர் ஆகார்.

இறுதி நாட்கள்

பிள்ளையவர்கள் தம் வாழ்வின் இறுதியிற் சென்னையைச் சேர்ந்த புரசைவாக்கத்திலே வசித்தார். முதுமையிலும் ஏட்டை விடவில்லை. அகநானூற்றை வெளியிட எண்ணி அதனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன், 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் திகதி, புதிய நூற்றாண்டு பிறந்த அன்றே, அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. அவர் தொட்டு முடிக்காது விட்ட அகநானூறு, இருபதாம் நூற்றாண்டிலே பிறர் கையால் அச்சேறியது.

நாம் செய்யக்கடவது

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீயிடப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. நாம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த அவ்வழிவைப் பெரியோர் சொல்லக் கேட்டே அறிந்தோம். அந்நூலகத்திலே எரிந்த அச்சுப் புத்தகங்களுக்கு வேறு பிரதிகளைத் தேடிப் பெற முடிந்தது. அச்சேறாது ஒரே பிரதியாய் இருந்த சுவடிக்கு மாற்று எங்கே? தொல்காப்பியமும் கலித்தொகையும் அன்று எந்த ஊரில் எந்த நூலகம் எரிந்தாலும் அழியாத நிலையில் இருந்தன. அந்நிலைக்கு அவற்றைக் கொண்டுவந்து விட்டவர்களுள் ஒருவர், அவ்வழிவுக்கு எண்பது ஆண்டுக்கு முன்னரே மறைந்த சிறுப்பிட்டிப் பெரியார்.

எங்கள் ஊர்களிலே இன்றும் பழைய வீடுகளின் பெட்டிகளில் ஏடுகள் கிடக்கின்றன. வைத்திய வாகடம், சோதிடம், ஊர்க் கோயிற் பதிகம், கூத்துப் பிரதி என அவை பலவகையின. பழைய சங்க மலர்களும் துண்டுப் பிரசுரங்களும் பத்திரிகைகளும் அவ்வாறே மக்கிக்கொண்டிருக்கின்றன. பிள்ளையவர்களுக்கு ஒரு பிரதி எடுக்கப் பல வாரங்கள் வேண்டின. எமக்கு ஒரு நிமிடம் போதும். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையம் ஈழத்து வெளியீடுகளை அவ்வாறு திரட்டி யாவரும் படிக்க வைத்திருக்கின்றது. அப்பணிக்கு வேண்டியது கருவி மாத்திரமன்று. வீடுவீடாய்ச் சென்று பணிவோடு கேட்கும் கால்களும், பொறுமையோடு ஒவ்வோர் ஏடாய்ப் புரட்டும் கைகளும், வாசித்துப் பொருள் காணும் தமிழறிவும் வேண்டும். அவை எக்கடையிலும் விலைக்குக் கிடையா.

எம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும், இவ்வாண்டு விடுமுறையிலே தத்தம் ஊரில் ஒரு வீட்டுப் பெட்டியையேனும் திறந்து பார்க்க உறுதி கொள்வோமாக. அதிலே கிடைப்பது தொல்காப்பியமாய் இராது. ஆயினும், அது வேறெங்கும் இல்லாத ஒரே பிரதியாய் இருத்தல் கூடும். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் பெயருக்கு நாம் எடுக்கும் விழா அதுவேயாகும்.